பனிமேட்டில் குனிந்தவர்

செவ்வாய் கிரகத்தில் நம்மவர்கள் அமைத்த குடியிருப்புக்குப் புதுக்குளம் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அங்கே குளமும் கிடையாது, குளிப்பதும் எப்போதாவதுதான். தரைக்கு அடியில் இருந்த ஒரு பனிப்பாறையை வெட்டி உருக்கித்தான் குடிக்கவும் சமைக்கவும் கீரை வளர்க்கவும் தண்ணீர். அந்தப் பாறையும் தேய்ந்துகொண்டே வந்தது.

தண்ணீருக்குத்தான் பஞ்சம், கட்சிக்கு இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து விண்கலம் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். எடை கூடிவிடும் என்று அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பூமியிலேயே விட்டுவிட்டு வந்த கூட்டம், கட்சி கட்டும் பழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. குகைகளில் வாழ்வதே பாதுகாப்பு என்றது குகைக் கட்சி. மேலே கண்ணாடிக் கூடாரம் போட்டு வானம் பார்த்து வாழ்வதுதான் மனித வாழ்க்கை என்றது கூடாரக் கட்சி. கூடாரம் போடும் அளவுக்குக் கண்ணாடி ஊரிலேயே கிடையாது என்பதால் எல்லோரும் குகையில்தான் இருந்தார்கள். அதனால் சண்டைக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆட்சியில் இருந்தது குகைக் கட்சி. தலைவி ஆவுடையம்மாள் நெட்டையானவர், அளந்து பேசுபவர். எதிர்க்கட்சியான கூடாரக் கட்சிக்குத் தலைவர் பூலோகராஜ். செவ்வாயில் பிறந்த பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைத்த தகப்பனாரைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

வடக்கே பனிமேடு என்று இன்னொரு குடியிருப்பு. அங்கிருப்பவர்கள் வேறு நாட்டுக்காரர்கள், வேறு மொழி பேசுபவர்கள். அவர்கள் காலடியில் பனி மலை மலையாகக் கிடந்தது. அங்கிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவர ஒப்பந்தம் பேசுவதற்காக அனைத்துக் கட்சிக் குழு ஒன்று போனது. குழு என்றால் இரண்டு பேர், ஆவுடையம்மாளும் பூலோகராஜும்.

அங்கே நடந்தது இதுதான். வரவேற்பில் கொடுத்த புளித்த பாசிச் சாற்றை ஒரே மடக்கில் குடித்த பூலோகராஜ், பேச்சு தொடங்குவதற்கு முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனார். அவர் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊர் திரும்பியதும், "நம் மானத்தை விற்கும் கூட்டத்திலிருந்து வெளிநடப்பு செய்தேன்" என்று அறிக்கை விட்டார். உண்மை தெரிந்த ஒரே ஆள் ஆவுடையம்மாள். அடுத்தவர் வயிற்றுக்கோளாறை அரசியலாக்குவது அவருக்குப் பிடிக்காததால் மூச்சு விடவில்லை.

ஒப்பந்தத்தைத் தனியாகப் பேசி முடித்தவர் அவர்தான். பனிமேட்டார் தண்ணீர் தருவார்கள், புதுக்குளம் காய்கறி தரும். கையெழுத்து ஆனதும் பனிமேட்டின் தலைவர் லீனஸ், நம் வழக்கத்தை எங்கோ படித்திருப்பார் போல, விண்கலத்துக்குச் சுற்றும் தங்கநிறத் தகட்டுத் துணியில் ஒரு முழத்தை வெட்டிப் பொன்னாடை என்று கொண்டுவந்தார். லீனஸ் குள்ளம். ஆவுடையம்மாள் குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு விருந்து. பாசிக் கஞ்சியை அவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

செய்தியில் இந்த இரண்டையும் காட்டியதுதான் தாமதம், ஊர் இரண்டாக நின்றது.

ஒளிபரப்பு நிலையத்தில் வேலை பார்த்த பிரம்மசக்தியின் வீடே அதற்குச் சாட்சி. குகைகளுக்குத் தட்டுப்பாடு என்பதால் அவளுடைய அப்பா ஆறுமுகநயினாரும், அவள் கணவன் சுயம்புவின் அம்மா வடிவும் ஒரே வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. சம்பந்திகளை ஒரே குகையில் அடைப்பது எப்பேர்ப்பட்ட விஞ்ஞானமோ! அப்பா குகைக் கட்சி, அத்தை கூடாரக் கட்சி.

"குனிஞ்சாளா இல்லையா, அதைச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் வடிவு.

"அவன் குள்ளம் தங்கச்சி. ஏணி வச்சு ஏறியா போத்துவான்?"

"ஏறட்டுமே. நம்ம ஆளு எதுக்குக் குனியணும்? போவட்டும். கஞ்சியை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாளே, அதுக்கு என்ன சொல்லுதிய? சம்பந்தம் பேசப் போன வீட்டுல, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேப்பாவளா? பஞ்சத்துல அடிபட்ட கூட்டம்னு நெனைக்க மாட்டானா அவன்?"

"வேண்டாம்னு கையை மறிச்சாத்தான் சம்பந்தி மொகம் சுருங்கும். ஒங்க வீட்டுல நான் ரெண்டாந்தரம் பாயசம் கேட்டேன். பசியிலயா கேட்டேன்?"

"எங்க பாயசம் நல்லாருந்துச்சு, கேட்டிய."

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேரும் படிக்கவில்லை. ஊரிலும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. குனிந்தது தப்பா, கஞ்சி கேட்டது தப்பா என்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

புதுக்குளத்துச் சட்டப்படி வெளியார் ஒப்பந்தம் எதுவும் ஊரில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒத்துக்கொண்டால்தான் செல்லும். வாக்கெடுப்பு நடந்தது. பாதிக்குப் பாதி வந்து தோற்றது. இன்னும் ஒரே ஒரு தடவை வாக்கெடுக்கலாம். அதிலும் தோற்றால் பனிமேட்டார் வேறு ஊரைப் பார்த்துக்கொள்வார்கள்.

பிரம்மசக்திக்கு அப்போது ஐந்தாம் மாதம். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவது என்று மருத்துவமனை முடிவு செய்திருந்தது. சுயம்பு குழாய் பழுது பார்ப்பவன். அவனை விடமாட்டார்கள். போனவர்கள் திரும்பி வரக் கப்பல் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளை நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போன பிறகுதான் அப்பன் முகத்தைப் பார்க்கும். 

"ரெண்டு பேரும் பேரப்பிள்ளை பேரப்பிள்ளைன்னு உருகுதாவ. ஓட்டுப் போடும்போது மட்டும் அத்தைக்குக் கஞ்சிதான் ஞாபகம் வருது," என்று கணவனிடம் பொருமினாள்.

"சண்டை போட்டு என்ன செய்ய? அம்மைக்கு ஆவுடையம்மா மொகத்தைப் பாத்தாலே ஆவாது."

"அப்ப மொகத்தை மாத்திருவோம்."

சுயம்பு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

புதுக்குளத்தில் சுவர்த்திரை கிடையாது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஆளுக்கொரு பார்வைக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டுதான் செய்தி, பாட்டு எல்லாம். பூமியில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்க முடியாமல் தீபாவளிதோறும் அழுகிறவர்களுக்காக பிரம்மசக்தி ஒரு முகமாற்றி செய்து வைத்திருந்தாள். வாழ்த்துச் சொல்கிறவர் முகத்துக்குப் பதிலாக அவரவர் அத்தை முகம், மாமா முகம் கண்ணாடியில் தெரியும். குரலும் உடுப்பும்கூட மாறும்.

"பனிமேட்டுக்காரங்க எடுத்து அனுப்பின முழுப் பதிவு எங்கிட்ட இருக்கு," என்றாள். "பேச்சு பூரா. அதை நாளைக்குப் போடுதேன். குகைக் கட்சிக்காரங்க கண்ணாடியில ஆவுடையம்மா. கூடாரக் கட்சிக்காரங்க கண்ணாடியில பூலோகராஜ். அவரும் போய்ட்டுத்தானே வந்தாரு?"

"ஊரை ஏமாத்துறதா?"

"வார்த்தை ஒண்ணும் மாறாது. கையெழுத்து மாறாது. தண்ணி மாறாது. மொகம் மட்டும் அவங்கவங்க இஷ்டம்."

"சீசாவுல இருக்கிற மருந்து நல்லதுதான், சீட்டை மட்டும் மாத்தி ஒட்டுதேங்கிறே. நாளைக்கு ஒருத்தன் சீட்டை அப்படியே வச்சிட்டு மருந்தை மாத்துவான். அன்னைக்கு யாரு கேக்கது?"

"அன்னைக்கு நீங்க கேளுங்க. இப்ப ஒங்க பிள்ளை இங்க பொறக்கணுமா, வேண்டாமா?" என்றாள். சுயம்பு, "பூலோகராஜ் மீசையைச் சரியா வை, அம்மை கண்டுபிடிச்சிருவா," என்றான்.

மறுநாள் முழுப் பதிவு வந்தது. சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். பிரம்மசக்தி கதவோரம் நின்றாள்.

"அடேயப்பா! இதை ஏன் அன்னைக்கே காட்டல?" என்றாள் வடிவு. "என்ன பேச்சு, என்ன பேச்சு!"

"நான் அப்பவே சொன்னேன்லா," என்றார் ஆறுமுகநயினார்.

"குனியுததைப் பாருங்க அண்ணாச்சி. பெரிய மனுசங்களுக்குத்தான் இந்தப் பணிவு வரும். கஞ்சியையும் மொகஞ் சுளிக்காம ரெண்டாந்தரம் வாங்கிட்டாவளே! சம்பந்தி மனசு குளுந்துரும்."

ஆறுமுகநயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பவாவது ஆவுடையம்மா அருமை தெரிஞ்சுதே ஒங்களுக்கு."

"ஆவுடையம்மாளா? அவ எங்க வந்தா? பூலோகராஜ்லா பேசுதாவ!"

பிரம்மசக்தி கதவைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது, குட்டு உடைந்தது என்று நினைத்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி, அத்தையை ஒரு முறை பரிதாபமாகப் பார்த்தார். பிறகு மகளிடம் வந்து தாழ்ந்த குரலில், "கண்ணு முன்னால நடக்கதையே மாத்திச் சொல்லுதாவம்மா. கட்சி வெறி இந்த அளவுக்கு முத்தும்னு நான் நெனைக்கல," என்றார். அடுக்களையில் அத்தையும் அதையேதான் சொன்னாள், பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு.

ஊர் முழுக்க இதே கதைதான். முதல் செய்தியில் குனிந்தது ஆவுடையம்மாள் ஆயிற்றே என்று கூடாரக் கட்சியில் ஒருவரும் யோசிக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரன் வேறு மாதிரிப் பார்க்கிறான் என்றால் அதில் யாருக்கும் ஆச்சரியமே இல்லை. அவன் எப்போது சரியாகப் பார்த்தான்?

பிரம்மசக்தி பயந்தது பூலோகராஜுக்குத்தான். அவருக்குத் தெரியுமே, தான் எங்கே இருந்தோம் என்று. பூலோகராஜும் பார்த்தார். தன் மீசையையும், தன் கணீர்க் குரலையும், லீனஸ் வாய் பிளந்து கேட்பதையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். மாலையில் அறிக்கை வந்தது. "வெளிநடப்பு செய்தது உண்மை. ஆனால் என் மக்களின் தாகத்தை நினைத்து மீண்டும் உள்ளே சென்றேன். தற்புகழ்ச்சி பிடிக்காத காரணத்தால் இதுவரை சொல்லவில்லை." கொஞ்ச நாளில் அவரே அதை நம்பிவிட்டார் என்று கேள்வி. எந்தப் பாசிச் சாற்றையும் தன் வயிறு தாங்கும் என்று கூடப் பேசத் தொடங்கிவிட்டார்.

இரண்டாம் வாக்கெடுப்பு நாள். காலையிலிருந்து வரிசை. பிரம்மசக்தி நிலையத்தில் தனியாக இருந்தாள். கதவைத் தட்டிக்கொண்டு ஆவுடையம்மாள் உள்ளே வந்தார்.

"எந்திரிக்காதம்மா, வயித்துப் பிள்ளைக்காரி," என்று எதிரில் உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்காரவிய கூடாரக் கட்சி. ஊருக்கே தெரியும். ஒவ்வொரு தேர்தல்லயும் எனக்கு எதிராத்தான் போடுவாவ, போட்டுட்டு வந்து சொல்லவும் செய்வாவ. ஒளிவு மறைவு கிடையாது. நேத்து சாப்பிடும்போது சொல்லுதாவ, பூலோகராஜ் கஞ்சியை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினதுதான் ராஜதந்திரம்னு. அந்தக் கஞ்சியைக் குடிச்சது நான். ஊருக்கு வந்தும் வயிறு கேக்கல எனக்கு."

பிரம்மசக்தி மேசையில் இருந்த கண்ணாடியை நகர்த்தி வைத்தாள்.

"அவியளுக்கு எதைக் காட்டினியோ, அதை எனக்குக் காட்டு."

காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்ட ஆவுடையம்மாள் அசையாமல் இருந்தார். திடீரென்று, "ஏம்மா, என் கைப்பையில இருந்துலா இவன் தக்காளி எடுக்கான்!" என்றார்.

உண்மைதான். பேச்சு இழுபறியாக இருந்த நேரத்தில் ஆவுடையம்மாள் தன் பாசிமணிப் பையிலிருந்து நம் தோட்டத்துத் தக்காளி ஒன்றை எடுத்து லீனஸ் கையில் வைத்திருந்தார். பனிமேட்டில் எதுவும் காய்ப்பதில்லை. லீனஸ் அதைக் காம்பு வரை விடாமல் தின்று தீர்த்தார். ஒப்பந்தம் முடிந்தது அந்த இடத்தில்தான். முகமாற்றி முகத்தையும் உடுப்பையும் மாற்றியது, பையை மாற்றவில்லை. பூலோகராஜ் பெண்கள் கைப்பையோடு உட்கார்ந்திருப்பதை ஊரில் பாதிப்பேர் பார்த்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மேற்கொண்டு பார்க்க முடியாமல் ஆவுடையம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு வலித்தது. முகத்தில் அது அப்படியே தெரிந்தது.

"இப்ப நான் ஒலிபெருக்கியில ஒரு வார்த்தை சொன்னா வாக்கெடுப்பு செல்லாது. தெரியுமா?"

"தெரியும்மா. என்னைக் கப்பல்ல ஏத்திருவாவ. அதனாலதான் செஞ்சேன்." அழக்கூடாது என்று நினைத்திருந்தவள் அழுதுவிட்டாள்.

ஆவுடையம்மாள் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். "நான் ஒண்ணும் சொல்லல. தண்ணி வரட்டும். ஒரே ஒரு உதவி செய். எங்க வீட்டுல அவிய கண்ணாடிக்கு மட்டும் அசலைப் போடு. நான் மத்தியானம் சாப்பிடப் போறேன். அவிய ஒருத்தராவது, என் முன்னால, நான் செஞ்சதைப் பாக்கட்டும்."

பிரம்மசக்தி மாற்றிக் கொடுத்தாள். ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் போகிற மாதிரி ஒரு பதற்றத்தோடு கிளம்பிப் போனார்.

திரும்பி வந்தபோது நடையில் அந்த வேகம் இல்லை.

"பாத்தாவளாம்மா?"

"பாத்தாவ. ரெண்டு தடவை."

"என்ன சொன்னாவ?"

"ஜோடிப்புன்னாவ." ஆவுடையம்மாள் நாற்காலியில் சாய்ந்தார். "பூலோகராஜ் மொகத்தை அழிச்சிட்டு ஒன் மொகத்தை ஒட்டியிருக்கானுவ, ஒங்க கட்சிக்கு வெக்கமா இல்லையான்னு கேட்டாவ. நான் பையைக் காட்டினேன். ஏங்க, இது நீங்க எனக்குக் கோத்துக் குடுத்த பைதானேன்னேன். உத்துப் பாத்தாவ. 'பையைக்கூட விடாம ஒட்டியிருக்கானுவளே, கெட்டிக்காரப் பயலுவ'ன்னாவ."

பிரம்மசக்திக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தலைவி முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இப்ப ஓட்டும் போட மாட்டேன்னு படுத்துட்டாவ. மோசடிக்காரங்க ஒப்பந்தத்துக்கு ஆதரவு கிடையாதாம். மாத்திரும்மா. பழையபடியே மாத்திரு."

மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் ஆவுடையம்மாளின் கைப்பேசி ஒலித்தது. குற்றாலிங்கம், அவர் கணவர். அறை சின்னது, அவர் குரல் பெரிது. பிரம்மசக்திக்கும் எல்லாம் கேட்டது.

"ஏ ஆவுடை! அந்த ஜோடிப்பை எடுத்துட்டானுவ. அசல் வந்துட்டு. நான் ஓட்டுப் போடப் போறேன். நீயும் ஒருக்கா இதை உக்காந்து பாரு. எப்படிப் பேசணும், எப்படி நடக்கணும்னு பாத்துக் கத்துக்கோ."

"சரிங்க, பாக்குதேன்," என்றார் ஆவுடையம்மாள்.

சாயங்காலம் ஒப்பந்தம் தேறியது. வெளியே இரண்டு ஊர்வலம் கிளம்பியது. குகைக் கட்சி ஊர்வலம் தலைவியைத் தேடிக்கொண்டிருந்தது. கூடாரக் கட்சிக்காரர்கள் பூலோகராஜைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சுயம்பு ஓடி வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான் பொறக்கும் சக்தி, இங்கதான்," என்று சொன்னதையே சொன்னான். குழாய் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று அப்படியே திரும்பியும் ஓடினான்.

ஆவுடையம்மாள் மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார். "அவிய பாக்கச் சொன்னாவல்லா," என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காலையில் பாதியில் விட்ட பதிவை, பூலோகராஜ் முகத்தோடு, கடைசி வரை பார்த்தார். கையெழுத்து ஆனது. லீனஸ் தங்கத் துணியோடு வந்தார். ஆவுடையம்மாளின் புருவம் மெல்லச் சுருங்கியது.

"எல்லாஞ் சரிதாம்மா," என்றார் கண்ணாடியைக் கழற்றாமலே. "ஆனாலும் இவன் இவ்வளவு குனிஞ்சிருக்க வேண்டாம்."